எதிர் ஜன்னல்

...இல்லை, யாரும் வரமாட்டார்கள், இது ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டை இல்லை, பிரான்சின் தெற்கே குன்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கல் ஊர் என்று இன்ஷா தனக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனாலும் பாஸ்போர்ட் மடியில்தான் இருந்தது. சைதா லாத்தா ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள். பெரியம்மா மகள், காரைக்கால்காரரைக் கட்டி இங்கே வந்தவள். நேற்று வந்து இறங்கியதும் இன்ஷா கேட்டது, லாத்தா, நான் வந்திருக்கேன்னு எந்த ஆபீஸ்ல எழுதணும்? அடிபோடி, இங்க ராஜாவே வந்து தங்கினாலும் எழுத வேணாம்... எழுத வேண்டாமாம். ரங்கூனில் ஒரு ராத்திரி தங்குகிறவரைக்கூட வார்டு ஆபீசில் பதியாமல் முடியுமா? எண்பத்தெட்டில் வாப்பாவின் தம்பி உதுமான் சாச்சா வந்தாரே, ராணுவ ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்து கால் வீங்கி, இருட்டும் நேரத்தில்... காலையில பதிஞ்சுக்கலாம் என்றார் வாப்பா. விடியுமுன் பட்டாளத்தார் கதவைத் தட்டினார்கள். போன சாச்சா போனவர்தான். இன்று காலை லாத்தா கோட்டை வாசலையும் தேவாலயத்தையும் காட்டினாள், இன்ஷா பார்த்ததோ சந்து எங்கே முடிகிறது, பின்வழி இருக்கிறதா என்று...

கதவைத் தட்டுகிறார்கள். பயம் வந்தால் காலேஜில் படித்த செடிகளின் பேரைச் சொல்லிக்கொள்வது வழக்கம், சுவரில் ஐவி, முற்றத்தில் லாவெண்டர், அப்புறம்... அப்புறம் ஒன்றும் வரவில்லை. பின்கதவைத் திறந்தாள். கீழே பள்ளம். மறுபடி தட்டு. லாத்தாவைப் பிடித்துக்கொண்டு போவார்களோ, என்னால்?

"ஏய் இன்ஷா, திறடி! எதிர்வீட்டம்மா கால்கடுக்க நிக்கிறா."

லாத்தாவின் குரல். திறந்தாள். ஏப்ரன் கட்டிய கிழவி ஒருத்தி, கையில் தட்டு நிறைய அத்திப்பழம், பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். லாத்தா சிரித்துக்கொண்டே, "விருந்தாளிக்குப் பறிச்சாளாம். நேத்து நீ பெட்டியோட இறங்கினப்பவே ஜன்னல்ல பாத்துட்டாளாம். இந்த ஊருக்குப் பதிவு எதுக்கு, இவ போதும்!"

இன்ஷாவும் சிரித்தாள், தட்டை வாங்கிக்கொண்டாள். பழத்தில் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. பதியாததால்தான் தம்பி போனான் என்று வாப்பா சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டார்... ஆனால் பதியாத ஆள் உள்ளே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் நின்று சாச்சா பேரைச் சொல்லியல்லவா கூப்பிட்டார்கள். அங்கேயும் எதிரே ஒரு ஜன்னல் இருந்தது, மைமூன் மாமியுடையது. அன்று ராச்சாப்பாட்டுக்கு மாமி மொஹிங்கா, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், கொடுத்தனுப்பினாள், சூடாக, அவர் வந்ததை யாரும் சொல்லாமலே, சாச்சாவுக்கும் சேர்த்து.