மூன்று லாடத்தின் தெற்குச் சுவர்

மேவிஸ் உளியும் சுத்தியலுமாக வந்ததைப் பார்த்து ஹார்ட்லி இரண்டடி பின்வாங்கினான். அவன் பீர் கம்பெனி ஆள். 'மூன்று லாடம்' பப் கம்பெனிக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்துப் பத்தொன்பது வருடமாக நடத்துபவள் மேவிஸ். தெற்குச் சுவர் சரிகிறது, பராமரிக்காதது அவள் குற்றம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தான்.

"நில்லுங்க சார். உங்க பேப்பர்ல இல்லாத ஒண்ணைக் காட்டுறேன்."

தெற்குச் சுவரில் உளியை வைத்து நாலே அடி. சிமெண்டு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே நானூறு வருடத்து ஓக் மரச் சட்டம் கறுத்துக் கிடந்தது. விரலால் அழுத்தினாள். நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போனது.

"இது குச்சியில மண்ணும் சாணியும் அப்பின சுவரு. மேல சுண்ணாம்பு இருந்தவரைக்கும் குடிச்ச மழையை வெயில்ல கக்கிடும். சிமெண்டைப் பூசி அடைச்சுட்டீங்க. தண்ணி உள்ளயே நின்னு மரத்தைத் தின்னுடுச்சு."

"பூசினது நீங்க வெச்ச ஆளுதானே?"

அவள் விறுவிறுவென்று பப்புக்குள் போனாள். கணப்பருகே கொத்தனார் நெவில் பீரோடு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி சொல்லிப் பூசியவன் அவன்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று அவள் கத்தியபோது, "அது காய ஒரு மாசம், சிமெண்டு ரெண்டே நாள்" என்று சிரித்தான். இன்றும் கம்பெனி வேலையில்தான் அவன் பிழைப்பு.

"எந்திரிச்சு வந்து யாரு பூசச் சொன்னதுன்னு சொல்லு, நெவில்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல மேவிஸ்."

உத்தரத்துக் கொக்கிகளில் வாடிக்கைக்காரர்களின் ஈயக் குவளைகள் தொங்கின. நெவிலுடையதைக் கழற்றி அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"எடுத்துட்டுக் கிளம்பு. இனி இந்த வாசலை மிதிக்காத."

"எங்கப்பன் குவளை மேவிஸ் இது..."

"அதான் உடைக்காம குடுத்திருக்கேன்."

"அடுத்த ஊர் பப்புக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கு, நெவில்!" என்றான் சுவர்ப் பலகையில் குட்டி அம்பு எறிந்து விளையாடிக்கொண்டிருந்த ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

நெவில் அப்பன் குவளையைப் பார்த்துக்கொண்டே வாசல்வரை போனான். அங்கே ஹார்ட்லி நின்றிருந்தான்.

"நான்தான் பூசினேன்," என்றான் நெவில் அவனிடம். "இவ வேணாம்னு கத்தினா. பூசச் சொல்லி நீங்க போட்ட கடிதாசு வீட்ல இருக்கு."

ஹார்ட்லி பேனாவை மூடினான். "அதை நான் பார்க்கணும். காலி பண்ற நோட்டீஸ்... இப்போதைக்கு நிறுத்தி வெக்கிறேன்."

நெவில் திரும்பி வந்து குவளையை மாட்டப் போனான். மேவிஸ் கொக்கியைக் கையால் மறைத்தாள். மறுகையால் உளியை நீட்டினாள்.

"மொத்த சிமெண்டையும் நீயே பெயர்த்தெடு. சுண்ணாம்பு பூசு. அது காயட்டும், அப்புறம் மாட்டு."

"அதுக்கு ஒரு மாசம் ஆகுமே!"

"தெரியும். நீதானே சொன்ன."