புள்ளிக்குப் பின் இரண்டு

ஒன்பது வருஷம் கடைகளுக்கு விலைச்சீட்டு நிரல் எழுதிய கை என்னுடையது. எந்த எண்ணைக் கண்டாலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிவிட்டுத்தான் ஓயும். பழக்க தோஷம். பிரின் மலையில் எங்கள் ஊர் மீட்புக் குழுவுக்குச் சம்பளம் வாங்காமல் ஒரு செயலி எழுதிக் கொடுத்தேனே, அதிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் எனக்கு அது தெரிந்தது.

காளான் பொறுக்கப் போன யோர்டாங்கா என்ற பெண்மணி கால் முறிந்து மூடுபனியில் கிடந்தார். செயலியில் உதவிப் பொத்தானை அழுத்தியிருந்தார். என் திரை அவர் இருக்கும் இடத்தை முகட்டுக்கு வடக்கே காட்டியது. தலைவர் ஸ்டானிமிர் ஐந்து பேரோடு ஏறினார். இரண்டு மணி நேரம் கழித்து வாக்கிடாக்கியில் வந்தார். நீ சொன்ன இடத்திலேயே நிற்கிறோம், ஒரு முயல்கூட இல்லை, உன் பொட்டிக்குக் கண் அவிந்துவிட்டதா என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மலையைத் திட்டினேன், அந்தம்மாவின் கைபேசியைத் திட்டினேன். பிறகுதான் என் நிரலைத் திறந்து பார்த்தேன்.

அந்த வரி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. கைபேசி அனுப்பும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொல்லியிருந்தேன். விலைக்கு அது போதும். மலையில் அது அரை கிலோமீட்டர் பிசகு, எங்கள் முகட்டில் அரை கிலோமீட்டர் என்றால் மறுபக்கச் சரிவு. வந்த எண்களை அப்படியே எங்கேயாவது சேமித்திருக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. இந்தக் குளிரில் அந்த அம்மா சாயங்காலம் வரை தாங்க மாட்டார்.

உடனே அவரைக் கூப்பிட்டேன். கைபேசி உயிர்விடப் போகிறது என்றார்.

"அக்கா, திரையில மேல ரெண்டு நீள எண் இருக்கும். ஒவ்வொண்ணா வாசிங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க."

"நாப்பத்தொண்ணு புள்ளி ஏழு, மூணு, அஞ்சு, ரெண்டு. அடுத்தது இருபத்திமூணு புள்ளி நாலு..."

அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. வடக்கு தெற்கு சரியாகக் கிடைத்துவிட்டது, அவர் கிடந்தது முகட்டுக்குத் தெற்கே. கிழக்கு மேற்குக்கு என்னிடம் இருந்தது என் நிரல் முழுமையாக்கி வைத்த அந்த இரண்டு இலக்கம்தான்.

ஸ்டானிமிரிடம் சொன்னேன். முகட்டைத் தாண்ட இன்னும் ஒரு மணி நேரமாகும், நிச்சயமில்லாமல் இந்தப் பனியில் என் ஆட்களை அந்தப் பக்கம் இறக்க மாட்டேன் என்றார். குழு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டும்.

"தப்பு என்னோடதுண்ணே. போனு மேலயும் இல்ல, மலை மேலயும் இல்ல, நான் எழுதுன வரி. தெக்குச் சரிவுல கிழக்கு மேற்கா எண்ணூறு மீட்டருக்கு ஒரு கோடு தர்றேன். அவங்க அந்தக் கோட்டுலதான் இருக்காங்க. என்னை அப்புறம் திட்டிக்கலாம், இப்ப நடங்க."

ஸ்டானிமிர் எண்ணைச் சொல்லச் சொன்னார்.

அவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை அழித்தேன், மற்ற இடங்களிலும் தேடித்தேடி அழித்தேன். ஒன்றே கால் மணி நேரம் கழித்து ஸ்டானிமிர் வந்தார்.

"ஒரு சத்தம் கேக்குது. நீயே கேளு." வாக்கிடாக்கியைப் பனிக்குள் நீட்டியிருப்பார் போல.

தூரத்தில் ஒரு பெண் குரல், தொண்டை கிழிய, செத்துப்போன கைபேசியிடம் சொல்லிக்கொண்டே இருந்தது: "நாலு, மூணு, எட்டு. நாலு, மூணு, எட்டு."