மணி வைக்காத சீட்டு

ரீனோ நகரில் அன்று பகல் முழுக்கப் பனி கொட்டியது. போக்கர் சீட்டாட்ட அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே வந்த வெளுத்த வெளிச்சம் மேசைகளின் பச்சைத் துணிமேல் அசையாமல் கிடந்தது. பந்தய வில்லைகளைத் தட்டும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. நானும் அந்த மயக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேசைகளில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது என் வேலை. பதினோரு வருஷமாகத் திட்டு வாங்கிப் பழகியவள்.

மூன்றாம் மேசையில் பெல்ட்ரான் எச்சவெரி இருந்தார். மலையில் ஆடு மேய்த்து ஓய்ந்தவர், எண்பத்திரண்டு வயது. தன் சீட்டின்மேல் எப்போதும் சின்ன ஆட்டுமணி ஒன்றை வைத்து மூடிக்கொள்வார். மூடாத சீட்டு தவறிப்போனால் ஆட்டக்காரர்தான் பொறுப்பு என்பது எங்கள் சட்டம். அவர் மகள் மைட்டே காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"வீட்டுக்கு வர்ற வழியையே மறக்குறாரு, ரமோனா. இங்க ஒரு தடவ சீட்டு எதுன்னு மறந்தாருன்னாலும் எங்கிட்ட சொல்லிடு. அதோட கூட்டிட்டு வர்றத நிறுத்திடுறேன்."

இந்தத் திங்கட்கிழமை ஆட்டத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

திடீரென்று மணிச்சத்தம் கேட்டது. பெல்ட்ரான் ஜன்னலைப் பார்த்தபடி மணியைத் தூக்கி மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். பனிக்குள்ளிருந்து அவருடைய ஆடுகள் இறங்கி வந்தன போலும். ஒரு கணம் அவை எனக்கே தெரிந்தன. அதற்குள் சீட்டுப் போடும் லோர்னா, மூடாமல் கிடந்த இரண்டு சீட்டையும் கழித்த குவியலில் தள்ளிவிட்டாள்.

"ஐயோ, என் ராஜாங்க! ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ராஜா!" என்று பதறினார் பெல்ட்ரான்.

என்னைக் கூப்பிட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மைட்டேயும் எழுந்து வந்தாள்.

"மேல கிடக்குற ரெண்டுதான் ரமோனா," என்றாள் லோர்னா, அழாத குறையாக. "இன்னும் கலக்கல. எடுத்துக் குடுத்துடலாம்."

ஆட்டக்காரர் சொன்ன சீட்டே மேலே கிடந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அது என் விருப்பம். கொடுக்கத்தான் நினைத்தேன். அந்த இரண்டு சீட்டின் ஓரத்தைத் தூக்கி நான் மட்டும் பார்த்தேன். ஒன்பது, நாலு. ராஜா எதுவும் இல்லை.

மைட்டே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் குவியலுக்குள் செருகிக் கலைத்துவிட்டேன்.

"ராஜா ரெண்டும் இருந்துச்சு," என்றேன். "ஆனா மூடி வைக்கல. செத்த சீட்டு, இனி செல்லாது. ஆடுங்க."

மேசை கொதித்தது. "கண்ணால பாத்துட்டும் குடுக்க மாட்டேங்குறியே! நீயெல்லாம் மனுஷியா?" என்று லாரிக்கார ஹக் கத்தினான். லோர்னா என் பக்கம் திரும்பவே இல்லை.

பெல்ட்ரான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா மைட்டே? ராஜாதான். எனக்கா மறதி?" பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "உன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன், கல்நெஞ்சக்காரி!"

அடுத்த திங்களும் பனி பெய்தது. மைட்டே அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ராஜாவக் கொன்னவ இவ. இவகூட எனக்குப் பேச்சில்ல," என்று மகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சீட்டு வந்ததும் மணியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

ஒரு வாரமாகியும் அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.