கரடி போட்ட எங்கள் கடைக் கோட்டு

அன்று கடைக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். ஜன்னலோர நாற்காலியில் என் அக்கா. வெட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் என் தம்பி. பொத்தானுக்குக் காஜா போட வேண்டிய துணிக் குவியலுக்குப் பின்னால் தம்பி மனைவி. அவர்களுடைய மகள், படம் வரைகிறவள். அவளோடு வந்த பதிப்பாளர். அப்புறம் ஒரு பூனை. அவ்வளவுதான். எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரர் தானும் கூட இருந்ததாகச் சொல்லித் திரிகிறார். அவர் இல்லை. மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கிக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அது இருந்ததாக ஆகாது.

எங்களுடையது கோட்டுத் தைக்கிற கடை. அப்பா தொடங்கியது. இங்கே தைக்கிற ஒவ்வொரு கோட்டின் உள்பக்கத்திலும், இடது மார்புக்கு நேராக, எங்கள் குடும்பப் பெயர் நெய்த லேபிள் ஒன்று இருக்கும். அதை நான்தான் என் கையால் வைத்துத் தைப்பேன். தம்பியிடம் கொடுப்பதில்லை. அவன் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் லேபிள் ஒரு நூலளவு சாய்ந்திருந்தால் "பரவால்லண்ணே" என்பான். கடைத்தெருவில் அவனுக்குச் சமாதானம் என்று பெயர்.

அவன் மகள் குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் செய்திருந்தாள். அவளுடைய முதல் புத்தகம். அன்று மாலைக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு புத்தகத்துக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். நனைந்து வந்ததால் அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தும்மல் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க புத்தகத்தை அப்புறம் எப்பங்க போடுவீங்க?" என்று தம்பி கேட்டான்.

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா வராதுன்னு அர்த்தம்ப்பா" என்றாள் அவள்.

அச்சுக்குப் போக என் சம்மதம் வேண்டியிருந்தது. காரணம், புத்தகத்தில் எங்கள் லேபிள் இருந்தது. லேபிள் கடையுடையது. கடைக்குப் பெரியவன் நான்.

கதை இதுதான். ஒரு கரடி. அதனிடம் ஒரு நீளக் கோட்டு. பனிக்காலம். வழியில் கழுத்து நடுங்க ஒரு நரி நிற்கிறது. கரடி காலரைக் கொடுக்கிறது. முயலுக்குப் படுக்க இடமில்லை. ஒரு கையைக் கொடுக்கிறது. இன்னொரு கை ஒரு அணிலுக்கு. வயதான மானுக்கு முதுகுத் துணி. குஞ்சுகளோடு திண்டாடும் வாத்துக்குப் பாக்கெட். எல்லாம் போய், கடைசிப் பக்கத்தில் கரடி வெறும் உடம்போடு பனியில் நிற்கிறது. மார்பில் லேபிள் மட்டும். எங்கள் லேபிள்.

தம்பி மனைவி மூக்கை உறிஞ்சினாள். தம்பி "நல்லாருக்கும்மா" என்றான். அவன் எதைத்தான் நன்றாயில்லை என்றிருக்கிறான்? நான் பக்கங்களை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தேன்.

"கரடிக்குத்தான் உடம்பு பூரா ரோமம் இருக்கே. அதுக்கு எதுக்குக் கோட்டு?"

"ரோமம் இருக்கறதாலதான் பெரியப்பா அதால குடுக்க முடியுது."

"அப்ப இதுல என்ன பெருமை? வேண்டாத சாமானைத் தள்ளிவிட்டிருக்கு."

"அதுக்கு ரொம்பப் பிடிச்ச கோட்டு பெரியப்பா. ரெண்டாம் பக்கத்துல பாருங்க, தண்ணியில தன் நிழலைப் பாத்துப் பாத்துப் போகுது."

பார்த்தேன். போட்டுக்கொண்டு போகிற தோரணை சரியாகத்தான் இருந்தது. தோளில் சுருக்கம் இல்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது.

"பட்டன் இடப்பக்கம் இருக்கு."

"பொம்பளைக் கரடியா இருக்கும் மாமா" என்றாள் தம்பி மனைவி.

"மாத்திடறேன் பெரியப்பா" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கரடி தன் இடது கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கிறது. பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'பர்ர்ர்'. தோள் தையல் பிரிந்து கோட்டின் கை தனியாக வருகிறது. நூல் துண்டுகள் நாலு பக்கமும் பறக்கின்றன.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நம்ம கடைக் கோட்டோட கை, இழுத்தா வருமா?"

தம்பி அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கேக்கறேன்ல. வருமா?"

"கரடிக்குப் பலம் ஜாஸ்தி பெரியப்பா."

"பலம் இருந்தா துணி கிழியட்டும். தையல் ஏன் விட்டுச்சு? நூல் பறக்குது பார். நம்ம நூல்!"

"ஐயா" என்றார் பதிப்பாளர். "குழந்தைங்க தையலை எல்லாம் பாக்க மாட்டாங்க."

"குழந்தையை மடியில வெச்சுப் படிச்சுக் காட்டறவன் பாப்பான். அவன்தான் கோட்டுத் தைக்க வர்றவன். இழுத்தா வர்ற கை, அம்மணமா நிக்கற கரடி, அது நெஞ்சுல எங்கப்பா பேரு. நல்லாருக்கு!"

"அப்ப லேபிளை எடுத்துடலாமே" என்று தும்மினார்.

"லேபிளை எடுத்தா கடைசிப் பக்கமே இல்லைங்க" என்றாள் அவள். "எல்லாத்தையும் குடுத்தப்புறமும், தான் யாருன்றது மட்டும் அதுகிட்ட இருக்கணும். அதுக்குத்தானே அந்த லேபிள்."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். ஆனால் தோள் தையலுக்கு அது பதிலாகாது. நான் எழுந்து ஆணியில் தொங்கிய என் கோட்டை எடுத்தேன். எனக்காக நானே தைத்துக்கொண்டது அது. மறுநாள் தையற்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், தலைமை நான். அதற்காகத் தேய்த்து மாட்டியிருந்தேன். போட்டுக்கொண்டேன். பொத்தான்களைப் போட்டேன். வலது கையைப் பதிப்பாளரிடம் நீட்டினேன்.

"இழுங்க."

"ஐயா, எதுக்கு…"

"இழுங்கன்றேன்."

அவர் பெண் பார்க்க வந்தவர்போலத் தொட்டார்.

"காலைல சாப்பிடலையா நீங்க?"

ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இழுக்கும்போதே தும்மல் வந்து, பிடி நழுவி, காஜாத் துணிக் குவியலுக்குள் போய் விழுந்தார். தம்பி மனைவி அவர் முதுகுக்குக் கீழிருந்து ஒரு கால்சட்டையை உருவிக்கொண்டாள். அடுத்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"வேணாண்ணே."

"இழுடா."

அவன் ஒரு பக்கம், எழுந்து வந்த பதிப்பாளர் ஒரு பக்கம். நான் நடுவில் துணி காயப்போடுகிற கொடிபோல நின்றேன். கண்ணாடிக்காரர் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது அப்போதுதான். பார்த்தவர் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். மழை விட்டதும் போய்விட்டார்.

கை வரவில்லை. ஒரு தையல்கூட அசையவில்லை.

கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் என்னைப் பார்த்துக் காலரைச் சரிசெய்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் பக்கங்களை அடுக்கிப் பைக்குள் வைப்பதும் அதிலேயே தெரிந்தது. அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

"டேய்" என்றாள் அக்கா.

கடைத்தெருவே என்னை ஐயா என்கிறது. அக்காவுக்கு மட்டும், யார் எதிரே இருந்தாலும், நான் டேய்தான்.

"இழுத்தா வராதுன்னு காட்டிட்டே. சந்தோஷம். அப்ப எப்படித்தான் வரும்?"

"பிரிச்சா வரும்."

"யார் பிரிச்சா?"

"தைக்கத் தெரிஞ்சவன் பிரிச்சா."

"அப்ப அந்தக் கரடிக்குத் தைக்கத் தெரியும்னு வெச்சுக்க. பிச்சுக் குடுக்கறதைப் பாத்தா எனக்கே கோவத்துல குடுக்கற மாதிரிதான் இருந்துச்சு. உக்காந்து ஒவ்வொரு தையலா பிரிச்சுக் குடுக்கட்டுமே."

"அதுவரைக்கும் நரி குளிர்ல நிக்கணுமே?" என்றான் தம்பி.

"நிக்கட்டும். நரிதானே."

தம்பி மகள் பையைக் கீழே போட்டாள். "அத்தை!" என்று ஓடிவந்து புதுத் தாளை எடுத்தாள். பென்சிலை எடுத்தாள். பிறகு அப்படியே நின்றாள்.

"பிரிக்கும்போது தோள் எப்படி இருக்கும்? நான் பாத்ததே இல்லையே."

உண்மைதான். எங்கள் கடையில் தைத்ததைப் பிரிக்கிற வழக்கமே இல்லை. தப்பாகத் தைப்பவன்தான் பிரிப்பான் என்பது அப்பாவின் கொள்கை. இந்தக் கடையிலேயே வளர்ந்த பெண், ஒரு தையல் பிரிந்து பார்த்ததில்லை. சுற்றிலும் தொங்கியவை எல்லாம் வாடிக்கையாளர்களின் கோட்டுகள். அவற்றில் கை வைக்க முடியாது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல வேறெங்கோ பார்த்தார்கள். தம்பி விட்டத்தைப் பார்த்தான்.

கோட்டைக் கழற்றி மேசையில் விரித்தேன். ஊசியை எடுத்தேன்.

"அண்ணே, நாளைக்குக் கூட்டம்…"

"ஒரு கைதானேடா. அவ வரைஞ்சதும் தெச்சுடறேன்."

முதலில் உள்துணியை நெகிழ்த்தினேன். பிறகு தோளின் மேல் முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தையலாக ஊசி நுனியால் தூக்கி நூலை எடுத்தேன். நூல் அறாமல் சுருள் சுருளாக வந்தது. அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வரைந்தாள். கரடியின் நகம் என் ஊசியின் இடத்தில் வந்தது. தாளில் 'பர்ர்ர்' இல்லை. அமைதியாக இருந்தது படம்.

"முயல் அதுக்குள்ள எப்படிப் படுக்கும்னு தெரியலையே" என்றாள்.

பூனையைக் காட்டினோம். கையின் வாயைத் திறந்து பிடித்ததும், கேட்க வேண்டியதே இல்லாமல் உள்ளே போயிற்று. சுருண்டது. வாலை இழுத்துக்கொண்டது. தூங்கிவிட்டது.

அடுத்து அணிலுக்கான கை. அதுவும் அதே மாதிரிதான். ஆனால் அவள் நீலம் கரைத்து வைத்திருந்த கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்துவிட்டது. தம்பி "பரவால்லண்ணே" என்றான். அவனைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான்.

காலரும் கை மாதிரியே பிரியும் என்று நினைத்து அவள் வரையப் போனாள். அப்படியே விட்டிருந்தால் விவரம் தெரிந்தவன் சிரித்திருப்பான். காலரைப் பிரிப்பது வேறு. அதைக் கழுத்தின் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரித்துக் காட்டினேன். நரிக்கு அது எப்படி உட்காரும் என்று பார்க்கப் பதிப்பாளரின் கழுத்தில் சுற்றினாள். அதுவரை பேச முடியாமல் தும்மிக்கொண்டிருந்தவருக்குத் தும்மல் நின்றுபோயிற்று.

"கதகதன்னு இருக்குங்க ஐயா" என்றார். நரியின் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒற்றுமை இருந்தது. நான் சொல்லவில்லை. தம்பி மனைவி சொன்னாள்.

பாக்கெட்டைத் தம்பி மனைவியே வாங்கிக்கொண்டாள். நூல்கண்டுகளை அதில் நிறுத்தி, "இந்தாம்மா, உன் வாத்துக் குஞ்சுங்க" என்று மகளிடம் காட்டினாள். மகள் வரைந்து முடித்த பிறகும் திருப்பித் தரவில்லை. "காஜா நூலை இத்தனை நாளா மடியில கட்டிக்கிட்டு அலைஞ்சேன் மாமா" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.

முதுகுத் துணியை அக்கா மடியில் போட்டோம். மானுக்காக. கால் மூட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வரைம்மா, வரை" என்றவள், வரைவதற்குள் தூங்கிப்போனாள். தூங்குகிற மானாகவே அவளைத் தம்பி மகள் வரைந்துவிட்டாள். கதைக்கு அது நன்றாக இருந்தது என்று பதிப்பாளர் சொன்னார்.

என்னிடம் மிச்சமிருந்தது உள்துணி. அதில் லேபிள்.

அதைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்படித்தான் தைத்திருந்தேன்.

"கடைசிப் பக்கம் பெரியப்பா" என்றாள் அவள். "நீங்க சொன்னதுக்காகக் கரடிக்கு ஒரு பனியனாவது போட்டுவிடட்டுமா?"

நான் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். கரடி பனியில் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில், முன்பு அந்தப் பக்கத்தில் இல்லாத நரி, முயல், அணில், மான், வாத்து எல்லாம் அதை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"பனியன் வேணாம். லேபிள் சாஞ்சிருக்கு. நேரா வை."

ரப்பரால் அழித்து நேராக வைத்தாள். போதுமா என்று கேட்டாள். இன்னும் ஒரு நூல் என்றேன். வைத்தாள். சரி என்றேன்.

பதிப்பாளர் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். அச்சகம் மூடுவதற்குள் சேர்த்துவிட்டதாகப் பிறகு சொன்னார். என் காலர் அவர் கழுத்தோடேயே போயிற்று.

மீதியை வைத்துத் தைத்துவிடலாம் என்று தம்பி ஊசியில் நூல் கோத்தான். எதை வைத்து? காலர் அச்சகத்தில். ஒரு கை நீலமாகிவிட்டது. இன்னொரு கையில் பூனை, தூக்கினால் சீறியது. பாக்கெட் போன இடத்திலிருந்து வராது. அக்கா விழித்தெழுந்தவள், முதுகுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "நல்ல துணிடா" என்றாள் போகும்போது. அவளிடமிருந்து ஒன்றைத் திரும்ப வாங்கியவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

தம்பி தன் கோட்டைத் தருகிறேன் என்றான். அவன் தோள் சின்னது. மறுநாள் சட்டையோடு போய்த் தலைமை வகித்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டது. லேபிள் சட்டைப் பையில் இருந்தது. வெளியே தெரியவில்லை.

அங்கேதான் பேச்சுக் கிளம்பியிருக்கிறது. எங்கள் கடைக் கோட்டை இரண்டு பேர் பிடித்து இழுத்ததும் கை பிய்ந்து வந்துவிட்டதாம். அந்த வெட்கத்தில்தான் பெரியவர் கோட்டில்லாமல் வந்தாராம். கண்ணாடிக்காரர் கண்ணால் கண்டாராம்.

கை பிய்ந்து வரவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன்.