கதவைத் தட்டும் பாடம்

கனடாவுக்குப் போகவிருந்தவர்களுக்கு அருளம்பலம் மாஸ்டர் இணுவிலில் தன் வீட்டு முன்னறையில் ஆங்கிலம் படிப்பித்தார். 1988 ஒக்டோபர் கடைசியில், ஒரு பின்னேரம், ஹலோவீன் பாடம்.

“பிள்ளையள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டுவினம். நீங்கள் திறந்து ரொபி, இனிப்பு ஏதும் குடுக்கவேணும்.”

“இஞ்சை தட்டினால் நாங்கள் ஆளையெல்லே குடுக்கிறம், மாஸ்டர்,” என்றார் சீவரத்தினம். எல்லோரும் சிரித்தார்கள்.

மாஸ்டர் கோதுமை மாச் சாக்கொன்றில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் மாட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றிவளைப்புகளில் இந்திய இராணுவத்துக்குப் பக்கத்தில் நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இப்படித்தான் இருப்பான். அவன் தலை அசைந்தால் முன்னால் நிற்பவனை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மாஸ்டர் வெளியே போய்க் கதவைத் தட்டிக் காட்டினார். ஒழுங்கையால் போன யாரோ அதைக் கண்டு சொல்லியிருக்க வேண்டும். பாடம் முடியுமுன்பே துவக்குகளோடு மூன்று இயக்க இளைஞர்கள் உள்ளே வந்தார்கள்.

“உந்தச் சாக்கு ஆரின்ரை?”

“என்ரைதான் தம்பி, பாடத்துக்கு...”

துவக்கின் அடிப்பக்கம் அவர் வாயில் விழுந்தது. பற்கள் சீமெந்துத் தரையில் தெறித்தன.

“எந்த ஆமிக் காம்பிலை தலையாட்டினனீர்?”

குணலட்சுமி எழும்பினாள். கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவள். “உது பாடம், அண்ணை. சத்தியமா. வெள்ளைக்காரற்றை பேய்ப் பண்டிகை.”

“பேய்க்கும் பண்டிகையோ?” அவர்களில் மூத்தவன் வகுப்பைச் சுற்றிப் பார்த்தான். “அப்ப நடத்திக் காட்டுங்கோ. பொய்யெண்டால் இதிலையே வெடி.”

சாக்கை மாட்டி மாஸ்டரை வெளியே தள்ளினார்கள். வாயிருந்த இடத்தில் துணி சிவந்து ஊறியது. கதவு தட்டப்பட்டது. குணலட்சுமி திறந்து, படித்த ஆங்கில வசனங்களை ஒன்றும் விடாமல் சொன்னாள். மூத்தவனின் துவக்கு மெல்லத் தாழ்ந்தது.

“பாடம் மாதிரித்தான் கிடக்கு.”

அவள் ரொபியை நீட்டி, வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாஸ்டரால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையாட்டினார்.

சுவரோரம் நின்ற இளையவன் சுட்டான். மாஸ்டர் குணலட்சுமியின் மேல் சரிந்து, அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

“ஏன்ரா சுட்டனி?”

“அவளைப் பாத்துத் தலையாட்டினவர், அண்ணை.”

“ரொபி வேணுமெண்டு...” கீழே கிடந்தபடி குணலட்சுமி கத்தினாள். “ரொபி வேணுமெண்டல்லோ ஆட்டினவர்!”

மூத்தவன் குனிந்து மாஸ்டரைப் பார்த்தான். பிறகு, சாக்கைக் கழற்ற வேண்டாம் என்றான்.

மறுநாள் காலை மாஸ்டர் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தார். கழுத்தில் தொங்கிய மட்டையில் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் சைக்கிளை நிறுத்தாமல் கடந்து போனார்கள்.