தாரை வார்த்த பென்ட்லி

சாவு வீட்டுக்குப் போகிறவன் கையில் மாலை இருக்கும், இல்லாவிட்டால் வெறுங்கையாகப் போவான். கார்த்திகேசன் கையில் டிபன் பை இருந்தது. பைக்குள் பழைய பனியனில் சுற்றி ஒரு பொம்மைக் கார்.

"கருமாதி முடியட்டும், அப்பறம் போவலாம் இல்ல? அழுத கண்ணுகூடக் காஞ்சிருக்காது அந்தம்மாவுக்கு" என்றாள் அவன் மனைவி இளவரசி.

"அதுக்குள்ள எவனாவது வந்து அள்ளிக்கினு போயிடுவான்."

"பொம்மக் காரையா?"

"அது பொம்ம இல்ல."

"ஆமா ஆமா, அதுல ஏறிதான் பொண்ணு பாக்க வந்தீங்க. நான்தான் பாக்கல."

கார்த்திகேசன் செருப்பை மாட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஒருநாள் பாதி ஷிப்டில் வெளியே வந்தான், திரும்பப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் பிடிக்கவில்லை என்றான். இப்போது பகலில் இம்பீரியல் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறான். வேலைதான் போயிற்று, விழிப்பு போகவில்லை. ஊர் தூங்கும்போது இவன் தன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். ரோல்ஸ் ராய்ஸ், காடிலாக், டெய்ம்லர். ரோட்டில் ஒருநாளும் பார்த்திராத வண்டிகள், உள்ளங்கை அளவில். வலை வீசி, ஆள் பிடித்து, கெஞ்சி வாங்குகிறவரைக்கும் அந்த ஒரு வண்டிதான் உலகத்தில் உள்ள வண்டி. வாங்கிய ஒரு வாரத்தில் அது அலமாரியில் ஒரு சாமான். உடனே அடுத்ததுக்கு உடம்பு பரபரக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு வண்டி மட்டும் அப்படிச் சலிக்கவில்லை. பழைய இங்கிலாந்து அச்சில் கல்கத்தாவில் வார்த்த பென்ட்லி. தந்த நிறம், கூரையில்லாத வண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு குட்டி டிரைவர். மூக்கில் மட்டும் கொஞ்சம் பெயிண்ட் உதிர்ந்திருக்கும்.

அதைத்தான் அவன் சிதம்பரம் திருநாவுக்கரசுவிடம் கொடுத்திருந்தான்.

திருநாவுக்கரசு பேட்டரிக் கடைக்காரர். அறுபதைத் தாண்டியவர், நெற்றி நிறையப் பட்டை. போனில், கார் சேர்க்கிறவர்கள் குரூப் ஒன்றில் பழக்கம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. சந்திப்பதெல்லாம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில். அவரிடம் கறுப்பு மெர்சிடிஸ் ஒன்று இருந்தது. இவனுக்கு அதன்மேல் வெறி, அவருக்குப் பென்ட்லிமேல். மாற்றிக்கொள்ளலாம் என்று பேசினார்கள். இந்த ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பார்வைக்கு வைப்பது என்பார்கள். மாற்றுவதற்கு முன்னால் இவன் வண்டி அவரிடமும் அவர் வண்டி இவனிடமும் கொஞ்ச காலம் இருக்கும். யாருக்குப் பிடிக்காவிட்டாலும் திருப்பிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது.

மெர்சிடிஸ் வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் கார்த்திகேசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறுப்பு ஜாஸ்தியாக மினுங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். கதவுக் கோட்டின் இடுக்கில், முன்பக்கச் சல்லடையின் ஓரத்தில், மெல்லிசாக வெள்ளை தெரிந்தது. அடியில் வெள்ளை, மேலே கறுப்பு. வெள்ளை வண்டிக்குக் கறுப்பு அடித்து இவன் தலையில் கட்டிவிட்டார் மனுஷன். கார் சேர்க்கிறவர்கள் உலகத்தில் பெயிண்ட் உதிர்ந்த வண்டிக்கு மரியாதை உண்டு. புதுசாகப் பெயிண்ட் அடித்த வண்டி பிணத்துக்குச் சமம். மெர்சிடிஸை அவர் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் பென்ட்லியை வாங்கி வந்துவிட வேண்டும் என்று துடித்தான். என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது குரூப்பில் அவர் போட்டோ வந்தது. சுற்றிலும் பூ. ஆழ்ந்த இரங்கல்.

போட்டோவைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு: என் பென்ட்லி?

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த கிழவர், "தம்பி, பாத்ரூம் வருதா? புதுச்சத்திரத்துல நிறுத்தச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

கனகசபை நகரில் வீட்டைக் கண்டுபிடித்தான். வாசலில் பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் லுங்கியோடு ஒரு ஆள், நாற்பது வயசு இருக்கும், போனில் யாரிடமோ கருமாதிச் சமையலுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இறந்தவரின் மச்சான் கண்ணாயிரம்.

"யாரு?"

"கடலூர்லேர்ந்து வர்றேன். அவரு ஃப்ரெண்டு. கார் சேக்கிறவன்."

"ஓ, மாமா கூட்டாளியா. வாங்க" என்றார் கண்ணாயிரம். பார்வை டிபன் பைமேல் நின்றது.

உள்ளே கூடத்தில் படம், அதன்முன் விளக்கு, ஒரு டம்ளரில் தண்ணீர். சுவரோரம் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள், திருநாவுக்கரசுவின் மனைவி. இவன் கையெடுத்துக் கும்பிட்டு நின்றான். கண் தானாக எதிர்ச் சுவர் அலமாரிக்குப் போயிற்று. நான்கு தட்டு. எல்லா வண்டியும் மூக்கைக் கிழக்கே வைத்து நின்றன.

"அவரு ஒங்களப்பத்திச் சொல்லுவாரு" என்றாள் அமிர்தம். "கடலூர் தம்பி, தூங்கவே மாட்டான்னு. புள்ளைங்க மாதிரி வச்சிருந்தாரு எல்லாத்தையும். ஆயுத பூஜை வந்தா போதும், ஒண்ணொண்ணா எறக்கித் திருநீறு கொழைச்சிப் பட்டை போடுவாரு. மறுநாளு தேங்கா எண்ணெ தொட்டுத் தொடைக்கிறது என் வேல..."

கார்த்திகேசன் தலையாட்டினான். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை பார்த்துவிட்டான், கீழிருந்து மேலும் பார்த்துவிட்டான். பென்ட்லி இல்லை. இரண்டாம் தட்டில் ஒரு வண்டி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை.

"ஏங்க, இங்க இருந்த வண்டி எங்க?"

"எது?"

"பென்ட்லி. வெள்ளையா, மேல மூடி இல்லாம. அது என்னுது. பார்வைக்குக் குடுத்தது. அவரோடது இதோ" என்று பனியனைப் பிரித்து மெர்சிடிஸைத் தரையில் வைத்தான். "இத வச்சிக்கங்க, என்னுத குடுத்துடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அமிர்தம் வாசல் பக்கம் தன் தம்பியைப் பார்த்தாள். கண்ணாயிரம் வாசற்படியில் வந்து நின்றார். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனம் கார்த்திகேசனுக்குப் போதுமானதாக இருந்தது. "வித்துட்டீங்களா?" என்றான் கண்ணாயிரத்திடம். "எவன்கிட்ட குடுத்தீங்க சொல்லுங்க. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். சாவு வூட்ல பொருள் நகர்றது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

"யோவ், வாய அடக்கிப் பேசு" என்றார் கண்ணாயிரம். "யார் பொருள யாரு வித்தது? அத மாமா கையிலதான் வச்சி அனுப்புனோம்."

"எங்க அனுப்புனீங்க?"

"சுடுகாட்டுக்கு."

கார்த்திகேசன் அலமாரியின் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கடைசி ஒரு மாசமா அது இல்லாம அவரு படுக்க மாட்டாரு" என்றாள் அமிர்தம். குரல் தட்டையாக இருந்தது. "ராவானா அலமாரியிலேர்ந்து எடுத்துத் தலமாட்டுல வச்சிக்குவாரு. அன்னிக்கிக் காலையிலகூடக் கையில புடிச்சிக்கினுதான் கெடந்தாரு. எங்க பக்கத்துல, போறவங்களுக்குப் புடிச்சத வச்சி அனுப்புவோம். எங்க மாமனாருக்குச் சீட்டுக்கட்டு வச்சோம். இவருக்கு அத வச்சோம். அவருதுன்னுதான் நெனச்சோம்."

"கிள்ளையில கடல்ல கரைக்கப் போனப்ப எலும்போட ஈயக்கட்டி மாதிரி ஒண்ணு கெடந்துது" என்றார் கண்ணாயிரம். "அதையும் சேத்துதான் வுட்டோம்."

ஈயம் இல்லை, துத்தநாகம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தக் குட்டி டிரைவர் ஞாபகம் வந்தான். ஸ்டியரிங்கை விடாமல் உருகியிருப்பான்.

அமிர்தம் சுவரைப் பிடித்து எழுந்தாள். முதல்முறையாக அவள் முகம் கலைந்திருந்தது. "அடுத்தவன் பொருள எடுத்துக்கினு போயிட்டாருன்னா ஆவுமா? போற எடத்துல நிம்மதியா இருப்பாரா? தம்பி, கருமாதிக்குள்ள இத முடிச்சி வுட்டுடுங்க. அவருக்குக் குடுத்துட்டேன்னு படத்துக்கு முன்னால தாரை வாத்துடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அதான் மெர்சிடிஸ் ஒங்ககிட்ட இருக்குல்ல" என்றார் கண்ணாயிரம். "மாத்திக்கத்தானே பேசுனீங்க? மாத்தியாச்சின்னு வச்சிக்குங்க. கணக்கு சரி."

கணக்கு சரி என்ற சொல்தான் அவனை உசுப்பியது. ராத்திரி ராத்திரியாக மனசுக்குள் பேசிப் பார்த்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"எங்க சரி? இந்த மெர்சிடிஸ் ஒரிஜினல் இல்ல. வெள்ள வண்டிக்குக் கறுப்பு அடிச்சிருக்காரு. இடுக்குல வெள்ள தெரியுது பாருங்க. அவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தாரு."

கண்ணாயிரம் ஒரு அடி முன்னால் வந்தார். அமிர்தம் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு ஒங்கள ஏமாத்திட்டாருன்றீங்க."

கார்த்திகேசன் அலமாரியைப் பார்த்தபடி நின்றான். இல்லை என்று சொல்லவில்லை.

அமிர்தம் வண்டியைக் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளை எங்கே என்று கேட்கவும் இல்லை. "இதுல எது வேணுமோ எடுத்துக்கங்க" என்று அலமாரியைத் திறந்தாள்.

"அக்கா, கருமாதி முடியாம வூட்லேர்ந்து துரும்பு வெளிய போவக்கூடாது."

"கடனோட அவரு போறதுக்கு இது தேவல. நீ சொம்புல தண்ணி கொண்டா."

அவன் கை நேராக மூன்றாம் தட்டுக்குப் போயிற்று. நீல ஜாகுவார், அட்டைப் பெட்டியோடு. வந்து நின்றவுடனேயே அதைப் பார்த்து வைத்திருந்தான். துக்கம் விசாரிக்கும்போதே பார்த்து வைத்தது அவனுக்கே தெரியும்.

கண்ணாயிரம் சொம்போடு வந்தார். முதலில் கார்த்திகேசன் கையில் ஊற்றினார். தண்ணீர் விரல் வழியே படத்துக்கு முன்னாலிருந்த தாம்பாளத்தில் விழுந்தது. "பென்ட்லிய அவருக்குக் குடுத்துட்டேன்" என்றான் இவன். பிறகு அமிர்தம் கைவழியே தண்ணீர் விழுந்தது. "ஜாகுவார ஒங்களுக்குக் குடுத்துட்டோம்" என்றாள் அவள்.

"ஊத்தியாச்சி" என்றார் கண்ணாயிரம், இவன் முகத்தைப் பார்க்காமல். "இனிமே குடுத்தவன் கேக்கவும் கூடாது, வாங்குனவன் திருப்பவும் கூடாது. போவும்போது சொல்லிக்காம போங்க."

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. ஆனால் அவர் சொன்னது அதற்காக இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. மெர்சிடிஸையும் பனியனில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. மடியில் இரண்டு வண்டி. ஜாகுவார் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். பின்னால் ஒரு குழந்தை, "அப்பா, அந்த மாமா கார் வச்சிருக்காரு" என்றது. பெட்டியை மூடிவிட்டு மெர்சிடிஸை எடுத்தான். இதற்கு இனி என்ன மரியாதை? அடியில் இருக்கும் வெள்ளையையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுச் சாவியின் முனையைக் கூரையில் வைத்து அழுத்தி இழுத்தான். கறுப்பு உரிந்தது. கீழே சாம்பல் நிற உலோகம். வெள்ளை இல்லை. பின் டிக்கியில் சுரண்டினான். உலோகம். பானெட்டில் சுரண்டினான். அங்கேயும் உலோகம்தான்.

கதவு இடுக்கில் மட்டும் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அதன்மேல் தேய்த்தான். கோடு காணாமல் போயிற்று. விரலில் ஒட்டியிருந்தது. முகர்ந்தான்.

திருநீறு.

அப்போதுதான் அமிர்தம் சொன்னதெல்லாம் காதில் ஏறியது. குழைத்துப் போட்ட பட்டை. தேங்காய் எண்ணெய் மினுமினுப்பு. தூக்கத்தைக் கெடுத்துப் பூதக்கண்ணாடி வைத்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஆயுத பூஜை மிச்சத்தை.

ஒரிஜினல் கறுப்பு. அதில் இப்போது அவன் சாவி போட்ட மூன்று தழும்பு.

போனை எடுத்துத் திருநாவுக்கரசு நம்பரையே அடித்தான். திரையில் பட்டையோடு அவர் சிரித்தார். அமிர்தம்தான் எடுத்தாள்.

"நான் கடலூர்... இப்ப வந்துட்டுப் போனேன். ஏங்க, அந்த மெர்சிடிஸ் ஒரிஜினல்தான். அது திருநீறு. நான்தான் தப்பா..."

"தெரியும்."

"தெரியுமா?"

"தொடைச்சவ நான்தானே. இடுக்குல போவாது அது, எத்தினி தொடைச்சாலும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"படத்துக்கு முன்னால நின்னுக்கினு ஏமாத்துக்காரன்னு சொல்றீங்க. அவரு பொண்டாட்டி நானு, ஒக்காந்து ஒங்ககூட வழக்காடணுமா? ஒங்களுக்கு வேண்டியது வண்டி. வண்டிய எடுத்துக்கினு போவட்டும்னுதான் வுட்டேன்."

பஸ் பிரேக் போட்டது. புதுச்சத்திரம். ஆட்கள் இறங்கினார்கள்.

"நான் இங்கியே எறங்கி வந்துடறேன். ஜாகுவார குடுத்துட்டுப் போயிடறேன்."

"தாரை வாத்தத எந்தக் கையில திருப்பி வாங்கறது? வேணாம். இந்த வாசப்படிக்கு அத கொண்டாராதீங்க. நீங்களே வச்சிக்குங்க." அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "தூக்கம் வருதான்னு பாருங்க."

போன் அணைந்தது.

எழுந்து நின்றிருந்தவன் அப்படியே நின்றான். "எறங்கறதுன்னா எறங்குய்யா, வழிய மறிச்சிக்கினு" என்று கண்டக்டர் கத்தினார். உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது. பெட்டிக்குள் ஜாகுவார் குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டது. அது அடங்கட்டும் என்று பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். கை ஆடியதில் சத்தம் இன்னும் கூடியது.