நாப்பதுக்கு முதல்

“முடி இறக்குற எண்டா சொன்னீங்க? நான் அதச் சொல்லல்ல தங்கச்சி.”

“நாப்பது எண்டா அதுதானே அக்கா? எங்கட வீடுகளிலயும் முப்பத்தொண்டுக்கு முடி இறக்கிறவை.”

“அதுவும்தான். அதோட இன்னொண்டும் இரிக்கி.”

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் கவிசா அதை ஜெர்மனில் சொல்லி முடித்திருந்தாள். நாற்பதாம் நாள் குழந்தைக்கு மொட்டை அடிப்பார்கள், விருந்து வைப்பார்கள், அதற்காகத்தான் குழந்தையின் அப்பாவின் அக்கா வந்திருக்கிறார் என்று. டாக்டர் ப்ரெண்டெல் சிரித்து, தன் கட்டையான வெள்ளை முடியைத் தடவி, அதுவும் போய்விடப் போவதுபோல் முகத்தைச் சுளித்துக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் எதிரே இருந்த தாய்க்குப் புரிந்தது, தான் அனுப்பிய சொல் போய்ச் சேரவில்லை என்று.

பான் நகரில், ஆற்றை ஒட்டிய ஒரு குழந்தை மருத்துவரின் அறை அது. சன்னலுக்கு வெளியே ரைன் நதி இருக்க வேண்டும். அன்று காலை பனிமூட்டம் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மேசையில் வெப்ப விளக்கின் சிவந்த ஒளியில் ஐந்து வாரக் குழந்தை ஒன்று, தண்ணீருக்குள் இருப்பதுபோல, கைகளை மெல்ல அசைத்துக்கொண்டு கிடந்தது. மேசையைச் சுற்றி ஒரு திரை பாதி இழுத்து விடப்பட்டிருந்தது.

கவிசா பல்கலைக்கழக மாணவி. இங்கேயே பிறந்தவள். வகுப்பு இல்லாத நாட்களில் நகரசபைக்காக மொழிபெயர்க்கப் போவாள். தொலைபேசியில் “தாய்மொழி தமிழ்” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அம்மாவின் யாழ்ப்பாணத்துச் சமையலறையில் கேட்டது. இந்த ஜெஸீமா அக்கா இலங்கையின் கிழக்குக் கரைக்காரி. அவருடைய தமிழ், ஒரே வீட்டின் இன்னொரு அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. எல்லாம் தெரிந்த குரல், ஆனால் கதவு சாத்தியிருந்தது.

“எனக்கு விளங்கேல்லை அக்கா. கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.”

ஜெஸீமா கதவைப் பார்த்தாள். வெளியே, மீன்தொட்டியின் அருகில், கணவரின் அக்கா பரீதா மூத்த பிள்ளை அம்னாவுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். “இவன் மொட்டத் தலையன். அந்தா கல்லுக்குப் பின்னால நிக்கானே, அவன் பொஞ்சாதிக்குப் பயந்தவன்.” அம்னாவின் சிரிப்பு கதவின் அடியால் உள்ளே வந்தது.

“மதினி நல்லவங்க,” என்றாள் ஜெஸீமா, அதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பதுபோல. “இண்டைக்கும் எனக்கு மருந்து அரைச்சித் தந்தாங்க. ராவைக்குப் புள்ளைய அவங்கதான் பாக்குற. நீ தூங்கு எண்டு சொல்லுவாங்க.”

“பிறகு என்ன அக்கா?”

“வெள்ளிக்கிழமை ஒரு பொம்புள வாறாங்களாம். வேற ஊர்ல இரிந்து. மதினிதான் பேசின.” குரல் இறங்கியது. “எங்கட பக்கம் பொம்புளப் புள்ளைக்கும் சுன்னத்து வெக்கிற, தங்கச்சி. ஊர்ல எண்டா ஒஸ்தா மாமி எண்டு ஒராள் வீட்டுக்கே வருவாங்க. ஒரு சொட்டு ரெத்தந்தான், ஒண்டுமில்ல எண்டு சொல்லுவாங்க.”

அறை சற்றே விலகிப் போனதுபோல் இருந்தது. விளக்கு, குழந்தை, எடைபார்க்கும் தட்டு, எல்லாம் பனிமூட்டத்துக்கு அப்பால் நின்றன. இதற்கான ஜெர்மன் சொல் கவிசாவுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் ஒரு வரைபடத்தோடு அதைக் காட்டியிருந்தார்கள். வரைபடத்தில், இது நடக்கிறதென்று நிறம் தீட்டிய நாடுகளைப் பார்த்து அவள் குறிப்பும் எடுத்திருந்தாள். அந்தச் சொல் ஒருநாள் தமிழிலேயே தன்னிடம் வந்து, தங்கச்சி என்று கூப்பிடும் என்று நினைத்திருக்கவில்லை.

அவள் அதை ஜெர்மனில் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

டாக்டர் அதிர்ச்சி எதையும் காட்டவில்லை. குழந்தையின் மேல் துவாலையைப் போர்த்தினார். சக்கர முக்காலியை இழுத்து, தாயின் கண்களுக்குக் கீழே வருகிற மாதிரித் தாழ்ந்து உட்கார்ந்தார். இதைச் சொன்னதற்கு நன்றி என்றார். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

“வேணா. எனக்கு வேணா. இத முதல்ல சொல்லுங்க.”

கவிசா சொன்னாள்.

அதன் பிறகு கேட்கக் காத்திருக்கவில்லை ஜெஸீமா. “அம்னாக்கு ஊர்ல செஞ்ச. நான் சீலைக்கு இந்தப் பக்கம் நிண்டேன். கட்டில மறைச்சிக் கட்டின சீல, சின்னச் சின்னப் பூப் போட்டது. புள்ள கத்தின சத்தம் கேட்ட. சீலையப் புடிச்சிக்கிட்டே நிண்டேன், தூக்கல்ல. இப்பயும் கனவுல அந்தச் சீல வரும். பூவெல்லாம் அசையும், ஆனா காத்து இரிக்கா.”

கவிசா அந்தப் பூக்களையும், இல்லாத காற்றையும் அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டுபோனாள். எதையும் சுருக்கவில்லை.

உங்களுக்கும் செய்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

“தெரியா. உம்மாக்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல.” ஜெஸீமா தன் மடியைப் பார்த்தாள். “என்னப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்டு மத்தவங்களுக்குத் தெரிஞ்சிரிக்கி. அம்னா சிலநேரம் ஒண்டுக்குப் போகக்குள்ள எரியுது எண்டு அழுவா. இதாலயா எண்டு கேளுங்க.”

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். இன்று சிறுநீரை மட்டும் சோதிக்கலாம். பரிசோதனை செய்வதென்றால் இன்னொரு நாள், அவசரமில்லாமல், அம்னாவும் சரி என்றால் மட்டும். உங்களுக்கு வேண்டுமானால் ஒரு பெண் மருத்துவரிடம் நேரம் எடுத்துத் தருகிறேன். பிறகு அவர் குரல் சற்று மாறியது. இந்த நாட்டில் இது குற்றம். ஒரு சிறு கீறலுக்கும் இங்கே அனுமதி இல்லை. வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தாலும் குற்றம்தான். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வருவார் என்ற ஆபத்து இருக்கும்வரை என்னால் சும்மா இருக்க முடியாது. யூகன்ட்அம்ட்டின் உதவியை நான் கேட்க வேண்டிவரும்.

குழந்தைகள் நல அலுவலகத்தின் அந்தப் பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜெஸீமா எழுந்து குழந்தையைத் துவாலையோடு அள்ளி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“புள்ளையளக் கொண்டுபோயிருவாங்களா?”

இல்லை, நான் கேட்கப்போவது அதை அல்ல, என்றார் டாக்டர். நீங்களாக வந்து சொன்னீர்கள் என்பதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். இப்போது உங்கள் மதினியோடு பேசலாமா? இங்கேயே, நீங்களும் இருக்க?

ஆற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்குக் கப்பல் நீளமாக ஊதிக்கொண்டு போனது. குழந்தை அந்த ஒலியின் பக்கம் தலையைத் திருப்ப முயன்றது.

“உங்கட மனுசன் என்ன சொல்லுவார்?” என்று டாக்டர் கேட்டதைக் கவிசா சொன்னபோது, ஜெஸீமாவின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. “அவர் ஹோட்டல் குசினில நெருப்போட சண்டை புடிப்பார். அக்கா சொன்னா ஓம். நான் சொன்னா, அக்காட்டக் கேட்டியா எண்டு கேப்பார்.”

பிறகு அவள் கவிசாவின் காதருகே குனிந்தாள். “தங்கச்சி, நான் சொன்ன எண்டு மட்டும் சொல்லாதீங்க. டொக்டர் தானாக் கேட்ட மாதிரிச் சொல்லுங்க. அவங்கட முகத்தப் பாத்துக்கிட்டு எனக்கு ஒரு வீட்டுல இரிக்க ஏலா.”

கவிசா சற்று விலகி நின்றாள். “அக்கா, இந்த அறையில ஆர் என்ன சொன்னாலும் நான் அதை அப்பிடியே சொல்லவேணும். இப்ப நீங்கள் சொன்னதையும்தான்.”

“எல்லாத்தையுமா?”

“ஓம்.”

அவள் சொன்னாள். டாக்டர் தலையசைத்தார். பெண் குழந்தை உள்ள எல்லாக் குடும்பங்களிடமும் இதைக் கேட்கிற உரிமை எனக்கு உண்டு, என் கேள்வியாகவே கேட்கிறேன் என்றார். ஆனால் உங்கள் மதினி என்ன பதில் சொல்வார் என்பது என் கையில் இல்லை.

“சரி. கூப்பிடுங்க,” என்றாள் ஜெஸீமா. டாக்டர் கதவுக்குப் போவதற்குள் அவள் மேசைப் பக்கம் திரும்பி, பாதி இழுத்திருந்த திரையை ஒரு கையால் சுவர்வரை தள்ளி விட்டாள். வளையங்கள் கம்பியில் சலசலவென்று ஓடின. குழந்தையை வெப்ப விளக்கின் கீழே கிடத்தி, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பரீதா உள்ளே வந்தார். ஒரு கையில் அம்னா, மறு கையில் மீன்களைப் படம் பிடித்த ஃபோன். “நாங்க மீனுக்கெல்லாம் பேர் வெச்சி முடிச்சிட்டம். நீங்க இந்த ஒரு புள்ளைய இன்னும் பாத்து முடிக்கல்லயா?” சிரித்தபடி வந்தவர் எல்லோருடைய முகங்களையும் பார்த்தார். “என்ன? புள்ளைக்கு ஒண்டுமில்லையே? கிளி, ஏன் இப்பிடி நிக்க?”

டாக்டர் முக்காலியைத் திருப்பி, ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். கவிசா அதை வாங்கிக்கொள்ள மூச்சை இழுத்தாள். ஆனால் அது முடிவதற்குள் விளக்கின் பக்கமிருந்து தமிழ் வந்தது. தாழ்ந்த குரல்தான், எல்லோருக்கும் கேட்டது. இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் தேவைப்படவில்லை. கவிசா பழக்கத்தில் டாக்டருக்கு அதை ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, பரீதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மதினி, ஃபோன் கையிலதானே இரிக்கி. வெள்ளிக்கிழமை வாற ஆளுக்கு இப்பயே எடுங்க. வரவேணாம் எண்டு சொல்லுங்க.”